ரயில் ஏறுவது போல ஏறுங்கள்

அன்புள்ள ஐயா,

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருடமாகக் கோத்தகிரியில் இருக்கிறேன். தீபாவளிக்கு வந்த மகன் ஒரு கம்ப்யூட்டரும் ஜாய்ஸ்டிக்கும் வாங்கி வைத்து, மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் என்ற விமானம் ஓட்டும் கேமைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். உங்களுக்கும் இதில் பல வருட ஈடுபாடு உண்டு என்று எழுதியிருந்தீர்கள், அதனால் கேட்கிறேன். கோவையில் செஸ்னா என்ற சின்ன விமானத்தை எடுத்து, சாலையைப் பார்த்தபடி தாழ்வாகவே மேட்டுப்பாளையம் வருகிறேன். கல்லாறு வந்ததும் ஏற ஆரம்பிக்கிறேன். ஒவ்வொரு முறையும் குன்னூருக்கு முன்பே மலையில் மோதிவிடுகிறேன். மூக்கை இன்னும் தூக்கினால் விமானம் தொப்பென்று விழுகிறது. என்ன தவறு? இன்னொன்றும் கேட்க வேண்டும். "இந்த வயசுல வீடியோ கேமா?" என்கிறாள் மனைவி. எனக்கும் உள்ளுக்குள் ஒரு கூச்சம். இது நேரம் செலவழிக்கத் தகுந்த காரியம்தானா?

(பெயர் வேண்டாம்)
கோத்தகிரி

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் மலை. கூச்சத்துக்கு அப்புறம் வருகிறேன்.

சிமுலேட்டர் உங்களை ஏமாற்றவில்லை. நிஜமான செஸ்னா 172-ல் இதே வழியில் வந்தாலும் இதேதான் நடக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். கல்லாறில் நீங்கள் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,000 அடியில் இருப்பீர்கள். குன்னூர் ஸ்டேஷன் சுமார் 5,600 அடி. இரண்டுக்கும் இடையே நேர்கோட்டில் பத்து கிலோமீட்டருக்குள்தான். 75 நாட் வேகத்தில் (மணிக்குச் சுமார் 140 கிலோமீட்டர்) அது நாலு நிமிடத் தூரம். நம் பக்கத்து வெயிலில் செஸ்னா நிமிடத்துக்கு 600 அடி ஏறினாலே பெரிய விஷயம். ஆக 2,400 அடி ஏறியிருப்பீர்கள். குன்னூருக்கு இன்னும் ஆயிரம் அடிக்கு மேல் பாக்கி இருக்கும், எதிரே மலை நிற்கும்.

இன்னொரு கணக்கும் உண்டு. அந்த வேகத்தில் விமானம் ஒரு நிமிடத்தில் 7,600 அடி முன்னால் போகிறது, 600 அடி மேலே போகிறது. சரிவு 12-க்கு 1, இல்லை 13-க்கு 1 என்று வரும். நம் மலை ரயிலின் பல்சக்கரப் பாதையில் மிகச் செங்குத்தான இடம் எவ்வளவு தெரியுமா? 12-க்கு 1. இதைக் கண்டுபிடித்த அன்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சிறகு இருக்கிறது என்பதற்காக மலை நமக்குச் சலுகை தராது. 1899-ல் குன்னூரைத் தொட்ட அந்த ரயில் வளைந்து வளைந்து பாதையை நீட்டிக்கொண்டுதான் மேலே வந்தது. நீங்களும் அப்படித்தான் வர வேண்டும். காரமடைக்கு மேலே வட்டமடித்து உயரத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பீளமேட்டில் சக்கரம் தரையை விட்டதிலிருந்தே ஏறிக்கொண்டு வாருங்கள். தொட்டபெட்டா 8,650 அடி, அதனால் 10,000 அடி இல்லாமல் ஊட்டிப் பக்கம் போகாதீர்கள். மலை முகட்டை நெருங்கும்போது நேராகப் போகாமல் சாய்வாகப் போங்கள். உயரம் போதவில்லை என்று தெரிந்தால் சமவெளிப் பக்கம் திரும்பிவிட இடம் இருக்கும்.

மூக்கைத் தூக்கினால் விழுவதற்குக் காரணம் வேகம். வேகம் 48 நாட் அளவுக்குக் குறையும்போது இறக்கை தாங்குவதை நிறுத்திவிடும். மலை நெருங்க நெருங்க மூக்கைத் தூக்கத் தோன்றும். அந்தக் கையை அடக்கப் பழகுவதுதான் முதல் பாடம்.

அப்புறம் அந்தச் சிவப்புக் குமிழ், காற்றோடு கலக்கும் எரிபொருளின் அளவை மாற்றும் மிக்ஸ்சர். அதை நீங்கள் தொட்டிருக்கவே மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். கோத்தகிரியில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், குக்கர் இல்லாமல் பருப்பு வேக நேரமாகும். உங்கள் வீட்டில் இது தெரியாமல் இருக்காது. காற்றழுத்தம் குறைவதுதான் காரணம். என்ஜினுக்கும் அதே கதை. 8,000 அடியில் முழு த்ராட்டில் கொடுத்தாலும் முக்கால்வாசி சக்திதான் கிடைக்கும். காற்று குறைந்த அளவுக்கு எரிபொருளையும் குறைக்காவிட்டால் அதுவும் கிடைக்காது. 3,000 அடி தாண்டியதும் குமிழை மெல்ல வெளியே இழுத்துப் பாருங்கள், என்ஜின் சத்தமே மாறும்.

இனி மேகம். இதற்காகத்தான் உங்கள் கடிதத்துக்கு இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுகிறேன்.

நாம் மேகத்தோடு வாழ்கிறவர்கள். மத்தியானம் மூன்று மணிக்கு ஜன்னல் வழியாக வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். அதனால் அது என்னவென்று நமக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். 2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டனுக்கு வந்த விமானப்படை ஹெலிகாப்டர், காட்டேரி அருகே நஞ்சப்பசத்திரத்தில் விழுந்தது. ஜெனரல் பிபின் ராவத் உட்பட 14 பேரை இழந்தோம். பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறி ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்தது, விமானிக்குத் திசை மயக்கம் ஏற்பட்டது என்று விசாரணை சொன்னது. நான் இருப்பது குன்னூரில். அந்த நாளுக்குப் பிறகு மேகத்தைப் பழைய மாதிரி பார்க்க முடியவில்லை.

திசை மயக்கம் திறமைக் குறைவால் வருவதில்லை. உள்காதில் இருக்கும் திரவம், ஒரே சீரான திருப்பத்தில் இருபது விநாடிக்குள் விமானத்தோடு ஒத்துப்போய்விடுகிறது. அதன் பிறகு நேராகப் போகிறோம் என்று உடம்பு சத்தியம் செய்யும், விமானமோ சாய்ந்து இறங்கிக்கொண்டிருக்கும். 1954-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவிகளை மட்டும் நம்பி விமானம் ஓட்டப் பயிற்சி இல்லாத 20 பேரைச் சோதித்தார்கள். வெளியே தெரியாமல் மறைத்ததும் 20 பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக 178 விநாடி. மூன்று நிமிடம்கூட இல்லை.

இதை வீட்டில் செய்து பாருங்கள். சிமுலேட்டரில் மேகத்தை 6,000 அடிக்கு இறக்கி வையுங்கள், அதற்குள் நுழைந்து திரும்பி வெளியே வாருங்கள். பேனலில் நடுவே இருக்கும், விமானத்தின் சாய்வைக் காட்டும் செயற்கைத் தொடுவானத்தையும், வேகத்தையும், உயரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒன்றிலேயே கண் நின்றால் மற்றது கைவிட்டுப் போகும். நாற்காலியில் உட்கார்ந்திருப்பதால் காது உங்களிடம் பொய் சொல்லாது, அதனால் இது பாதிப் பயிற்சிதான். அந்தப் பாதியிலேயே உங்களுக்கு வியர்க்கும்.

நான் எனக்கென்று ஒரு விதி வைத்திருக்கிறேன். நடுவில் நிறுத்தி வைக்க மாட்டேன். மோதினால் அன்றைக்கு அவ்வளவுதான், கம்ப்யூட்டரை அணைத்துவிடுவேன். மறுபடி முதலிலிருந்து என்று பொத்தானை அழுத்தினால் அந்த மலைக்கு அர்த்தமே இல்லாமல் போய்விடுகிறது. எனக்கு ரியலிசம் என்பது இதில்தான் இருக்கிறது. படம் எவ்வளவு தெளிவு என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

சரி, வீடியோ கேம் என்ற பேச்சு. அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்பவர், அப்பாவின் ஆர்கன் தொழிற்சாலையில் இருந்த துருத்திகளை வைத்து 1920களின் கடைசியில் ஒரு போலி விமானம் செய்தார். முதலில் அது பொழுதுபோக்குப் பூங்காக்களுக்குத்தான் விலைபோனது. 1934-ல் ராணுவ விமானிகள் தபால் கொண்டுபோகும் வேலையை ஏற்றார்கள். மோசமான வானிலையில் சில வாரங்களுக்குள் பலர் செத்தார்கள். அதன் பிறகுதான் ராணுவம் அந்தப் பெட்டிகளில் ஆறை வாங்கியது. உங்கள் மேஜையில் இருப்பது அந்த வம்சம். மேகத்தில் செத்தவர்களால் மதிப்பு பெற்ற பொருள். அதைப் பொறுப்பாக ஓட்டுகிறவருக்குக் கூச்சம் எதற்கு?

மேற்கொண்டு செலவு இப்போது வேண்டாம். ஆறு மாதம் கழித்தும் ஆசை இருந்தால் காலால் மிதித்து விமானத்தைத் திருப்பும் ரடர் பெடல் வாங்கலாம். மழைக்கு நெட் போகும் நாட்களுக்கு ஃப்ளைட்கியர் என்ற இன்னொரு சிமுலேட்டரை வைத்துக்கொள்ளுங்கள். இலவசம், நிலப்பரப்பை முன்பே இறக்கி வைத்துவிட்டால் நெட் இல்லாமலும் ஓடும்.

ஒரு வேண்டுகோள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் மனைவியைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, செக்லிஸ்ட்டை அவர் கையில் கொடுங்கள். அவர் ஒவ்வொன்றாகப் படிக்கட்டும், நீங்கள் செய்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். இரண்டு விமானிகள் உள்ள காக்பிட்டில் அப்படித்தான் நடக்கும். வானிலையைத் தை மாதக் காலை மாதிரி தெளிவாக வையுங்கள். 9,000 அடிக்கு ஏறிய பிறகு கோத்தகிரிக்கு மேலாக வடகிழக்கே போங்கள். தேயிலைத் தோட்டங்கள் முடிந்து கோடநாடு விளிம்பைத் தாண்டும்போது, கீழே தரை சட்டென்று விலகி மாயாறு பள்ளத்தாக்கு திறக்கும். அப்போது அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.