ஈறுல ரத்தம் வந்தா பல் தேய்க்கலாமா?

கேள்வி: வயசு 42. பல் தேய்ச்சு துப்புனா வாஷ்பேசின்ல நுரை ரோஸ் கலர்ல இருக்கு, வலி இல்ல. ரத்தம் வர்ற பக்கம் பிரஷ் படாம விட்டுட்டேன், சரியா டாக்டர்?

பதில்: விடாதீங்கம்மா, அங்கதான் அழுக்கு தங்கி ஈறு வீங்கியிருக்கும், சாஃப்ட் பிரஷ்ஷால ஈறோரமா மெதுவா ரெண்டு வேளையும் 2 நிமிஷம் தேய்ங்க. அந்த அழுக்கு கெட்டியாகி காரை கட்டிடுச்சுன்னா எந்த பேஸ்ட்டும் கரைக்காது, பல் டாக்டர்கிட்ட கிளீன் பண்ணித்தான் ஆகணும். கிளீன் பண்ணா பல் ஆடும்னு பயந்தே பல்ல இழந்தவங்கள பாத்தா மனசு கஷ்டமா இருக்கும். பல்ல ஆட வைக்கிறது உள்ள எலும்பு கரையறதுதான், கரைஞ்ச எலும்பு தானா வளராது, வெறும் ஈறு வீக்கம்னா முழுசா சரியாகும். வாய் நாத்தம், பல் முன்னவிட நீளமா தெரியுறது இருந்தா தள்ளிப்போடாதீங்க. சுகர் இருந்தாலும் ஈறு இப்படி ஆகும், அதையும் பாத்துருங்க. சிகரெட் பிடிக்கிறவங்களுக்கு ரத்தம் அவ்வளவா வராமலே உள்ள கெட்டுப்போகும், வீட்டுல யாராச்சும் இருந்தா அவங்களையும் கூட்டிட்டுப் போங்க.