எறும்பு வரிசையும் மைலோ டின்னும்

வணக்கம் அம்மா. சனிக்கிழமை சுங்கை சிப்புட் மண்டபத்தில் கூட்டம் நெரிந்ததால் உங்கள் மகள் படிக்க விரும்பும் 'மூல இருப்பிட மறைப்பு' (source location privacy) பற்றிய உங்கள் கேள்விக்கு அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். "செய்தி எங்கிருந்து வருகிறது என்பதை மறைக்கிற படிப்பாம். பின்னால் போலீஸ், கேஸ் என்று வராதே?" என்று கேட்டீர்கள். வராது. இது எதைக் காக்கிற படிப்பு என்று சொல்கிறேன்.

உங்கள் அடுப்படியில் எறும்பு வரிசை போகிறது. எறும்புகள் தமக்குள் என்ன பேசுகின்றன என்று நமக்குப் புரியாது. ஆனாலும் வரிசையைப் பிடித்துக்கொண்டே போனால் மூடி சரியாக மூடாத மைலோ டின்னில் போய் நிற்போம். காட்டிலும் இதே கதைதான். புலி நடமாட்டத்தைக் கவனிக்க மரங்களில் சிறு உணர்விகளை (சென்சார் கருவிகளை) கட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். புலியைக் கண்ட கருவி பக்கத்துக் கருவிக்குச் சொல்லும். அது அடுத்ததற்குச் சொல்லும். இப்படியே செய்தி கண்காணிப்பு நிலையத்துக்கு வந்து சேரும். செய்தியைப் பூட்டிவிட்டால் வேட்டைக்காரனால் படிக்க முடியாது. ஆனால் அலை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பார்த்து ஒவ்வொரு கருவியாகப் பின்னோக்கி நடந்தால், கடைசியில் புலியிடமே போய்விடுவான். 2005இல் ஆய்வாளர்கள் புலிக்குப் பதில் பாண்டாவை உதாரணமாக வைத்து இதற்கு ஒரு வழி சொன்னார்கள். செய்தி முதலில் சில கருவிகள் வழியாக மனம்போன போக்கில் சுற்றிவிட்டு, அதன் பிறகே நிலையத்துக்குத் திரும்பும். தடம் பிடித்தவன் வேறெங்கோ போய் நிற்பான். பொய்ச் செய்தி அனுப்பியும் குழப்பலாம். ஆனால் ஒவ்வொரு செய்தியும் பேட்டரியைத் தின்னும், காட்டுக்குள் போய் யார் மாற்றுவது? மகள் மண்டையைக் குடைந்துகொள்வது இந்தக் கணக்குக்காகத்தான். எனக்கும் பிடித்த கணக்கு அது.

இனி நடைமுறைக்கு வருகிறேன். இந்தப் பெயரில் இளங்கலைப் படிப்பைத் தேடி அலைய வேண்டாம். கணினி அறிவியல் அல்லது மின்னணுப் பொறியியல் எடுக்கட்டும். இறுதியாண்டுத் திட்டத்திலோ முதுகலையிலோ இதைத் தொடலாம். எஸ்.பி.எம்.மில் (மலேசிய ஐந்தாம் படிவத் தேர்வில்) கூடுதல் கணிதத்தை விட்டுவிடக் கூடாது. நிகழ்தகவு தெரியாமல் இந்தத் துறையில் ஓர் அடிகூட நகர முடியாது. அதன் பிறகு பல்கலைக்கழகத்துக்கு வழி காட்டும் எஸ்.டி.பி.எம். (ஆறாம் படிவம்), மெட்ரிகுலேசன் இரண்டுக்கும் விண்ணப்பித்து வைக்கலாம். சீக்கிரம் சம்பளம் வேண்டும் என்ற நிலை வீட்டில் இருந்தால், ஈப்போ உங்கு ஒமார் பொலிடெக்னிக்கில் டிப்ளோமாவும் நல்ல வழிதான். இதே பெயரில் வேலை விளம்பரம் வருவது அரிது. வலையமைப்பு, இணையப் பாதுகாப்பு என்ற பெயர்களில்தான் தேட வேண்டியிருக்கும்.

அடுத்த முறை சோதனைத் தேர்வு முடிவோடு அவளையும் பேச விடுங்கள். சென்ற முறை நீங்கள்தான் பேசினீர்கள். அவள் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.