லோய் கிரதோங் விழாவைப் பார்க்க டிக்கெட் எங்கே வாங்குவது?

லோய் கிரதோங்குக்கு டிக்கெட் கிடையாது. தாய்லாந்தில் ஆறு, வாய்க்கால், கோயில் குளம், பூங்கா ஏரி என்று தண்ணீர் இருக்கும் இடமெல்லாம் கிரதோங் என்ற சின்ன விளக்குத் தெப்பத்தை மிதக்கவிடும் விழா அது. யார் வேண்டுமானாலும் போகலாம், யாரும் காசு கேட்க மாட்டார்கள்.

"குழந்தைகளோடு நவம்பரில் தாய்லாந்து போகிறோம், லோய் கிரதோங் அன்று விளக்குகள் வானத்தில் பறப்பதைப் பார்க்க நல்ல இடத்தில் டிக்கெட் எவ்வளவு ஆகும், முன்வரிசை கிடைக்குமா" என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் தடவை வருகிறீர்கள் என்று நினைக்கிறேன். யாரோ ஒரு ஏஜெண்ட் தலைக்கு இவ்வளவு என்று ஒரு பெரிய தொகையைச் சொல்லியிருப்பார், அது சரியா என்று பார்க்கத்தான் இங்கே கேட்கிறீர்கள். அதில் தப்பே இல்லை. ஆனால் நான் பல வருஷமாகப் பாங்காக்கில் குடியிருக்கிறவள். இந்த விழாவை ஒரு ஸ்டேஜ் ஷோ மாதிரி முன்வரிசை, பின்வரிசை என்று பேசுவதைக் கேட்டால் எனக்கு மனசு தாங்காது. அதனால் பதில் கொஞ்சம் நீளமாகப் போகும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். நீங்கள் படத்தில் பார்த்தது, ஆயிரக்கணக்கான காகித விளக்குகள் ஒரே நேரத்தில் மேலே போகுமே, அது யீ பெங். வடக்கே சியாங் மாய் பக்கத்து லன்னா மக்களின் விழா. லோய் கிரதோங் நாடு முழுக்க நடப்பது, விளக்கைத் தண்ணீரில் விடுவது. இரண்டும் ஒரே பௌர்ணமியில் வருவதால் வெளியூர்க்காரர்கள் ஒன்றாகச் சேர்த்துவிடுகிறார்கள். தாய் சந்திர நாள்காட்டியில் பன்னிரண்டாம் மாதப் பௌர்ணமி அது, பெரும்பாலும் நவம்பரில் விழும். 2023இல் நவம்பர் 27, 2024இல் நவம்பர் 15, 2025இல் நவம்பர் 5. நம்ம கார்த்திகை தீபம் 2023இல் அதற்கு முந்தின நாள் வந்தது, மற்ற இரண்டு வருஷமும் ஒரு மாதம் தள்ளிப் போனது. ஆகவே காலண்டரில் கார்த்திகையைப் பார்த்து விமான டிக்கெட் போட்டுவிடாதீர்கள்.

சியாங் மாயில் டிக்கெட் விற்கும் நிகழ்ச்சிகள் உண்டு. ஊருக்கு வெளியே பெரிய மைதானத்தில், சாப்பாடு, நடனம் எல்லாம் சேர்த்துப் பல ஆயிரம் பாத் வாங்குவார்கள். போய் வந்தவர்கள் அழகாக இருந்தது என்றுதான் சொல்கிறார்கள், அவர்களை நான் குறை சொல்லவில்லை. "நீ யார் எங்களுக்குச் சொல்ல" என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். என் பேச்சு ஒன்றுதான்: அதுதான் லோய் கிரதோங் என்று நினைத்துக்கொண்டு வந்துபோகாதீர்கள். யீ பெங் கூட அது மட்டும் இல்லை. அந்த நாட்களில் சியாங் மாய் வீடுகளில் வாசலில் விளக்குக்கூண்டு தொங்கும், சின்னச் சின்ன மண் அகல் வரிசையாக எரியும், கோயில்களில் பிக்குகள் விளக்கேற்றி ஓதுவார்கள். நம் வீட்டு வாசலில் அகல் வைத்து வளர்ந்தவர்களுக்கு அந்தத் தெருக்களில் நடந்தாலே போதும் என்பது என் அபிப்பிராயம். வானத்தில் விடும் விளக்குக்கு இப்போது நேரக் கட்டுப்பாடு, இடக் கட்டுப்பாடு எல்லாம் உண்டு. அந்த இரவுகளில் சியாங் மாய் விமான நிலையத்தில் பல விமானங்களை ரத்து செய்வார்கள், இல்லையென்றால் நேரம் மாற்றுவார்கள். விளக்கு வயலிலோ கூரையிலோ விழுந்து தீப்பிடிக்கிற ஆபத்தும் இருக்கிறது.

சரி, கிரதோங்குக்கு வருகிறேன்.

வாழை மரத்தை வட்டமாக, இரண்டு மூன்று விரல் கனத்துக்கு வெட்டுவார்கள். அது மிதக்கும். வாழை இலையைக் கீற்றாகக் கிழித்து, மடித்து மடித்துத் தாமரை இதழ் போலச் செய்து அதைச் சுற்றிக் குத்துவார்கள். மேலே சாமந்தி, ஆர்கிட், வாடாமல்லி. நடுவில் ஒரு மெழுகுவத்தியும் மூன்று ஊதுவத்தியும். ஒரு நாணயம் வைப்பார்கள். சிலர் தலைமுடியில் ஒரு நுனி, நகத்தில் ஒரு துண்டு வெட்டி வைப்பார்கள், பிடித்திருக்கும் பீடை அதோடு போகட்டும் என்று. பற்றவைத்து, நெற்றிக்கு நேரே தூக்கி, மனசுக்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லி, குனிந்து தண்ணீரில் விட்டு, கையால் அலை எழுப்பித் தள்ளிவிடுவார்கள். சொல்ல வேண்டியது என்ன? பிரா மே கொங்கா, அதாவது கங்கைத் தாய், அவளிடம் நன்றியும் மன்னிப்பும். உன்னைக் குடித்தோம், உன்னில் குளித்தோம், உன்னை அசுத்தமும் செய்தோம், பொறுத்துக்கொள் என்பது.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் பழைய வீட்டுக்குப் பக்கத்து வீட்டுப் பாட்டி. யாய் என்றுதான் சந்தில் எல்லோரும் கூப்பிடுவோம். அப்போது நாங்கள் ஆற்றுக்கு மேற்கே, தொன்புரிப் பக்கம் பாங் கேயில் இருந்தோம். அவர் வீட்டுப் பின்னால் கொஞ்சம் வாழை மரங்கள். விழாவுக்கு முந்தின நாள் மத்தியானமே என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துவிடுவார். குண்டூசி போடக் கூடாது என்பார், மூங்கில் சிம்புதான். மீன் வாயில் போய்க் குத்தும் என்பது அவருடைய காரணம். எனக்கு வாழை இலை தைத்துப் பழக்கம் இருந்ததால் கை சீக்கிரம் வந்துவிட்டது, அதில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

2011 வெள்ளம் உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா தெரியவில்லை. அந்த வருஷம் தாய்லாந்தில் 800 பேருக்கு மேல் இறந்தார்கள். அக்டோபர் கடைசியில் டான் முவாங் விமான நிலையத்தில் தண்ணீர் புகுந்து மூடினார்கள். வடக்கே அயுத்தயா தொழிற்பேட்டைகளை முழுங்கிவிட்டு இறங்கி வந்த தண்ணீர், நவம்பர் தொடக்கத்தில் எங்கள் பக்கம் வந்து சேர்ந்தது. கார் வைத்திருந்தவர்கள் மேம்பாலங்களில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். கடைகளில் குடிதண்ணீர் பாட்டிலும் நூடுல்ஸும் இல்லை. பண்ணைகளிலிருந்து முதலை தப்பிவிட்டது என்று டிவியில் சொன்னார்கள். நாங்கள் வாசலில் செங்கல் வைத்துப் பூசி, மணல் மூட்டை அடுக்கி, எல்லாம் செய்தோம். தண்ணீர் தரைக்குக் கீழே இருந்த சாக்கடை வழியாக வீட்டுக்குள்ளே வந்தது. கறுப்புத் தண்ணீர், அந்த நாற்றத்தை இப்போது நினைத்தாலும் வயிற்றைப் புரட்டும். மாடியில் சமைத்து, மாடியில் தூங்கினோம். மின்சாரம் தாக்கியே பல பேர் இறந்துகொண்டிருந்ததால் மெயினை அணைத்துவிட்டோம்.

அந்த வருஷம் லோய் கிரதோங் நவம்பர் 10. எனக்கு நாள் ஞாபகமே இல்லை. சாயங்காலம் யாய் அவர் வீட்டு மாடி ஜன்னலிலிருந்து கூப்பிட்டு, இறங்கி வா என்றார். தொடை அளவு தண்ணீரில் வெளியே போனோம், நானும் கணவரும். யாய் வாசற்படியின் மேல்படியில் உட்கார்ந்திருந்தார், கையில் கிரதோங். பூ கிடைக்கவில்லை, இலை இதழ் மட்டும் வைத்துத் தைத்திருந்தார். மெழுகுவத்தி நாங்கள் மாடியில் எரிக்க வைத்திருந்த கட்டிலிருந்து ஒன்று.

என் கணவருக்குக் கோபம். கீழே பிரிட்ஜ், பீரோ, குழந்தையின் புத்தகம் எல்லாம் போய்விட்டிருந்தது. "வீட்டுக்குள்ள வந்து நிக்குது. இதுகிட்டயா மன்னிப்புக் கேக்கறீங்க?" என்று கேட்டேவிட்டார்.

யாய் அவரை முறைக்கவெல்லாம் இல்லை. "நான் கல்யாணம் ஆகி வந்தப்போ இந்தச் சந்து வாய்க்கால்தான் தம்பி. படகுலதான் வந்து இறங்கினேன். அப்புறம் மண்ணைக் கொட்டி ரோடு போட்டாங்க. அது பழைய இடத்துக்கு வந்திருக்கு" என்றார்.

அது உண்மை. தொன்புரிப் பக்கம் முழுக்க ஒரு காலத்தில் வாய்க்காலும் பழத்தோட்டமும்தான். மழைக்காலத் தண்ணீர் கடலுக்குப் போகிற வழிகளை மூடிவிட்டு அதன்மேல் நாங்கள் எல்லோரும் வீடு வாங்கிக் குடியேறியிருந்தோம். யாய் கிரதோங்கைத் தெருவில் விட்டார். ராணுவ லாரி ஒன்று போன அலையில் அது நகர்ந்து, எதிர் வீட்டுக் கேட்டில் இடித்து, அங்கேயே கொஞ்ச நேரம் எரிந்தது. எதிர் வீட்டுக்காரர் கேட்டைத் திறந்து ஒரு துடைப்பத்தால் அதை நடுத்தெருவுக்குத் தள்ளிவிட்டுக் கும்பிட்டார். டிசம்பரில் தண்ணீர் வடிந்த பிறகு சந்து முழுக்க வீட்டுச் சாமான்களைக் குப்பையாகக் கொட்டினோம், அது தனிக் கதை.

இதற்கு ஒருவரும் டிக்கெட் விற்க முடியாது, அதைத்தான் சொல்ல வருகிறேன்.

"ஆற்றுக்கு மன்னிப்புச் சொல்ல ஆற்றிலேயே குப்பை போடுகிறார்களே" என்று கேட்பவர்கள் வருவார்கள் என்று தெரியும். நியாயமான கேள்விதான். ஒரு காலத்தில் தெர்மகோல் கிரதோங் நிறைய விட்டார்கள். இப்போது பாங்காக் மாநகராட்சி அன்று ராத்திரியே படகில் போய் அள்ளி, எண்ணி, கணக்கை வெளியிடுகிறது. 2023இல் 6 லட்சத்து 39 ஆயிரத்துக்கு மேல், 2024இல் 5 லட்சத்து 14 ஆயிரத்துக்கு மேல். அதில் மிகப் பெரும்பங்கு இலை, வாழை போன்றவை. ரொட்டியில் செய்ததும் விற்கிறார்கள், மீன் தின்றுவிடும் என்று. சின்னக் குளத்தில் நூற்றுக்கணக்கில் ரொட்டி விழுந்தால் ஊறி, தண்ணீர் கெட்டு, மீனே செத்துப்போகும். அதனால் குடும்பத்துக்கு ஒன்று விடுங்கள், வாழையில் செய்ததாக இருக்கட்டும். திரையில் வரைந்து ஒளியால் விடும் டிஜிட்டல் கிரதோங்கும் வந்துவிட்டது. எனக்கு மனசு ஒட்டவில்லை, ஆனால் விடுகிறவர்களைத் தடுக்க மாட்டேன்.

இன்னொரு கூட்டம் "இது நம்மகிட்டேருந்து போனது" என்று வரும். பிராமணச் சடங்கிலிருந்து வந்ததைத் தாய் பௌத்தர்கள் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள் என்று மன்னர் நான்காம் ராமாவே 1863இல் எழுதியிருக்கிறார். பழைய தலைநகரான சுகோதாயின் அரசவையில் நொப்பமாஸ் என்ற பெண் முதல் கிரதோங்கைச் செய்தாள் என்ற கதையையும் இங்கே சொல்வார்கள். அந்தக் கதை வரும் நூல் பல நூற்றாண்டு கழித்து, பாங்காக் தலைநகரான பிறகுதான் எழுதப்பட்டது என்றே பெரும்பாலான ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். எப்படியோ வரட்டும். வாழை இலையை அப்படி மடிக்கிற கை அவர்களுடையது. அதற்கு நாம் பங்கு கேட்கக் கூடாது.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ரொம்ப நாளாக மனசில் இருக்கிறது. என் தம்பி பாங்காக்கில் சீலோம் பக்கம் ரத்தினக்கல் வியாபாரத்தில் இருக்கிறான். அவனுக்கு ஊரில் பெண் பார்த்தபோது, பெண்ணின் பெரியப்பா "பாங்காக்கா?" என்று இழுத்துச் சிரித்தார். அந்தச் சம்பந்தம் அதோடு நின்றது. விடியற்காலையில் எழுந்து, பிக்குகளுக்குச் சோறு போட்டுவிட்டு வேலைக்கு ஓடுகிற லட்சக்கணக்கான பெண்கள் இருக்கிற ஊர் இது. சீலோம் மாரியம்மன் கோயில் விஜயதசமி ஊர்வலத்துக்கு ரோடு முழுக்கப் படையல் வைத்துக் காத்திருப்பது பெரும்பாலும் தாய் ஜனங்கள்தான். நம் ஆட்கள் கூட்டமாக வந்து இரண்டு தெருவைப் பார்த்துவிட்டுப் போய், ஊரில் சொல்கிற கதை வேறு. அதைக் கேட்டுக் கேட்டு எங்களுக்குச் சலித்துவிட்டது. நீங்கள் குழந்தைகளோடு விழாவுக்கு வருகிறேன் என்றது அதனால்தான் எனக்குப் பிடித்தது.

அப்புறம், உங்களுக்கு வேண்டிய விவரம். பாங்காக்கில் இருந்தால் லும்பினி பூங்கா ஏரி குழந்தைகளுக்கு நல்லது. ஆறுதான் வேண்டும் என்றால் எட்டாம் ராமா பாலத்தடிப் பூங்காவுக்குப் போகலாம். வாட் சகேத் கோயில் திருவிழா அதே சமயத்தில் நடக்கும், பொற்குன்றத்து ஸ்தூபிக்குச் சிவப்புத் துணி சுற்றியிருப்பார்கள். தாக் ஊரில் பிங் நதியில் கொட்டாங்கச்சியில் திரி வைத்து வரிசையாக விடுவார்கள், நேரம் இருந்தால் போங்கள், விழா பெரிதாக நடக்கும் சுகோதாய் அளவுக்குக் கூட்டமும் இருக்காது. அன்று அரசு விடுமுறை இல்லை, ஜனங்கள் ஆபீஸ் முடிந்துதான் வருவார்கள், ஆகவே ஆறு மணிக்கு முன்பே போய்விட்டால் நெரிசல் குறைவு. கிரதோங் கரையிலேயே விற்பார்கள், சாதாரணமானது நூறு பாத்துக்குள் கிடைக்கும். மிதவைப் படித்துறையில் கூட்டம் ஏறியிருந்தால் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு அதில் ஏறாதீர்கள், கரையிலிருந்தே விடலாம். நாணயத்துக்காகத் தண்ணீரில் குதிக்கும் பையன்கள் இருப்பார்கள், உங்கள் கிரதோங்கை அவர்கள் எடுத்தால் கோபப்படாதீர்கள்.