நடுவிலக்கு விதியை மட்டும் நீக்கிவிட்டு, கணக் கோட்பாட்டின் அடிகோள்களை (நிறுவாமலே ஏற்கும் அடிப்படைக் கூற்றுகளை) அப்படியே வைத்துக்கொள்ள முடியுமா?

முடியாது. ‘ஒரு கூற்று உண்மை, அல்லது அதன் மறுப்பு உண்மை’ என்னும் நடுவிலக்கு விதியை, ஒரு கூற்றை உண்மை என்று சொல்ல அதற்கு நிறுவல் வேண்டும் எனக் கோரும் உள்ளுணர்வுவாதத் தர்க்கம் ஏற்பதில்லை. ஆனால் கணக் கோட்பாட்டின் வழக்கமான அடிகோள்களில், அதாவது தேர்வு அடிகோளையும் சேர்த்த செர்மெலோ–ஃபிராங்கல் அடிகோள்களில் சில, கணங்களைப் பற்றி மட்டுமே பேசுவதுபோலத் தோன்றினாலும், அந்த விதியைத் தமக்குள் பொதிந்து வைத்திருக்கின்றன. வெற்றற்ற கணங்கள் ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் உறுப்பை எடுத்துத் தரும் சார்பு உண்டு என்னும் தேர்வு அடிகோள் அவற்றுள் ஒன்று என்பதை 1975-இல் கணிதவியலாளர் டயகோனெஸ்கு நிறுவினார். கீழே உள்ள எளிய வடிவம் 1978-இல் குட்மனும் மைஹிலும் தந்தது. முதன்முறை இதைத் தாளில் எழுதிப் பார்த்தபோது, எங்கோ பிழை செய்துவிட்டேன் என்றே எண்ணி மூன்று முறை சரிபார்த்தேன்.

‘ப’ ஏதேனும் ஒரு கூற்று என்க. 0, 1 ஆகிய இரண்டிலிருந்து, ‘0-க்குச் சமம், அல்லது ப உண்மை’ என்னும் நிபந்தனைக்கு உட்படுபவற்றைத் திரட்டிக் கணம் ‘அ’ எனவும், ‘1-க்குச் சமம், அல்லது ப உண்மை’ என்பதற்கு உட்படுபவற்றைத் திரட்டிக் கணம் ‘ஆ’ எனவும் கொள்வோம். அ-வில் 0 உண்டு, ஆ-வில் 1 உண்டு. ஆகவே தேர்வு அடிகோளின்படி ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் உறுப்பை எடுத்துத் தரும் சார்பு ஒன்று உண்டு. அது எடுத்த உறுப்புகள் அந்தந்தக் கணத்தின் நிபந்தனைக்கு உட்பட்டவை என்பதால், ஒன்று ப உண்மையாக வேண்டும், அல்லது அ-விலிருந்து 0-உம் ஆ-விலிருந்து 1-உம் வந்திருக்க வேண்டும். இரண்டாவது நிலையில் ப உண்மை எனக் கொண்டால், அ, ஆ இரண்டிலும் 0, 1 ஆகிய அதே உறுப்புகள் இருப்பதால் அவை ஒரே கணமாகிவிடும்; ஒரே கணத்துக்குச் சார்பு ஒரே விடையைத்தான் தரும் என்பதால் 0-உம் 1-உம் சமமாகிவிடும். அது முரண், எனவே ப உண்மையன்று. ஆக, ‘ப, அல்லது ப அன்று’ கிடைத்துவிட்டது. எந்தக் கூற்றைப் பற்றியும் எதையும் ஆராயாமல் அதைத் தீர்மானித்துவிடும் இந்தச் சார்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அடிகோள் தந்தது என்பதைத் தவிர வேறு விடையில்லை. என் பார்வையில் சிக்கலின் வேர் இதுவே.

வெற்றற்ற ஒவ்வொரு கணத்திலும், அக்கணத்தோடு பொது உறுப்பற்ற ஓர் உறுப்பு உண்டு என்னும் அடித்தள அடிகோளும் இவ்வாறே நடுவிலக்கு விதியைத் திரும்பக் கொண்டுவருகிறது. அதனால் அதன் இடத்தில் கணங்களின்மீதான தொகுத்தறிதல் வைக்கப்படுகிறது: ஒரு பண்பு எந்தக் கணத்தின் எல்லா உறுப்புகளுக்கும் இருந்தாலும் அக்கணத்துக்கும் இருக்கும் எனில், அது எல்லாக் கணங்களுக்கும் உண்டு. இத்தனை மாற்றம் செய்தால் கோட்பாடு நலிந்துபோகும் என்று அஞ்ச வேண்டியதில்லை. உள்ளுணர்வுவாதக் கணக் கோட்பாடு முரணற்றது எனில் வழக்கமான செர்மெலோ–ஃபிராங்கல் கோட்பாடும் முரணற்றதே என்று ஹார்வி ஃப்ரீட்மன் 1973-இல் காட்டியிருக்கிறார்.