மூன்று கட்டை ஓட்டத்துக்கு டீசல் ஜீப் எதற்கு?

தம்பி, உம்முடைய கேள்வியை விசுவமடுவில் அம்மாவின் வீட்டு விறாந்தையில் இருந்துதான் வாசித்தேன். நான் விடுமுறைக்கு ஊருக்கு வந்து பத்து நாள். புதுக்குடியிருப்பில் இருந்து லண்டன் ஹரோவுக்கு வந்து எட்டு மாதம், இரவு வேலை, வெயர்ஹவுஸ் மூன்று கட்டை (மைல்) தூரம், மகளின் பள்ளிக்கூடம் அரைக் கட்டை என்று எழுதியிருந்தீர். ஒரு 2014ஆம் ஆண்டு டீசல் ஜீப் பார்த்திருக்கிறீர். ஏழு இருக்கை, 96,000 மைல் ஓடியது, 4,500 பவுண். கலனுக்கு 45 மைல் போகும் என்று விற்பவர் சொல்கிறார், உண்மையில் ஓட்டச் செலவு எவ்வளவு வரும் என்பது உம்முடைய கேள்வி.

முதலில் அந்த ஜீப்பைப் பற்றி. 2014ஆம் ஆண்டு டீசல் என்றால் பெரும்பாலும் யூரோ 5 தரம். யூரோ என்பது வாகனப் புகைக்கான ஐரோப்பிய அளவுகோல், இலக்கம் கூடக்கூடக் கட்டுப்பாடும் கூடும். புதிதாக விற்கும் கார்களுக்கெல்லாம் யூரோ 6 கட்டாயமானது 2015 செப்டெம்பரில்தான். யூரோ 6 இல்லாத டீசல் வாகனம் யூலெஸ் என்கிற லண்டன் புகைக் கட்டுப்பாட்டு எல்லைக்குள் ஓடினால் நாளுக்கு 12.50 பவுண் கட்ட வேண்டும். 2023 ஓகஸ்ட் 29இல் இருந்து ஹரோ உட்பட முழு லண்டனும் அந்த எல்லைக்குள்தான். அந்த நாள் கணக்கு நள்ளிரவில் இருந்து நள்ளிரவு வரை. நீர் ஞாயிறு இரவு வேலைக்குப் போய் வெள்ளி காலை கடைசியாகத் திரும்பினால் ஐந்து வேலைக்கு ஆறு நாள் கட்டணம். வாரம் 75 பவுண், 48 வாரத்துக்கு 3,600 பவுண். ஜீப்பின் விலையே கிட்டத்தட்ட ஒரு வருடத்தில் போய்விடும். ஒரு நாள் கட்ட மறந்தால் தண்டம் 180 பவுண், பதினாலு நாளுக்குள் கட்டினால் பாதி. அதனால் வேறு எதுவும் யோசிக்க முதல், வாகன இலக்கத்தை லண்டன் போக்குவரத்துத் துறையின் இணையத்தளத்தில் போட்டுப் பாரும். ஒரு நிமிடம் போதும், காசு இல்லை.

ஜீப் ஆசை எனக்கு நன்றாக விளங்கும். நான் சிறுவனாக இருந்த காலத்தில் இந்த பரந்தன்-முல்லைத்தீவு வீதியில் தொண்டு நிறுவனங்களின் வெள்ளை லாண்ட்குரூசர்கள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போகும். நாங்கள் சைக்கிளோடு ஓரத்தில் நின்று பார்ப்போம். யுத்தத்தில் பொருளாதாரத் தடை இருந்த காலம், பெற்றோல் கிடைப்பது அரிது. மோட்டார் சைக்கிளுக்கு நாலு சொட்டு பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுவார்கள். அந்த வெள்ளைப் புகையின் மணம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. உழைக்கத் தொடங்கியதும் நான் ஆசைப்பட்டு வாங்கியதும் ஒரு டீசல் ஜீப்தான், 2013இல். எனக்கு நடந்தது உமக்கு நடக்கக் கூடாது என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எண்ணெய்க் கணக்கை அப்போதே ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதத் தொடங்கினேன். ஒவ்வொரு முறையும் தாங்கி நிரம்ப அடித்து, லீற்றரையும் மைலையும் குறிப்பேன். அந்த ஜீப்புக்கும் கலனுக்கு 45 மைல் என்றுதான் காகிதத்தில் இருந்தது. கொப்பியில் குளிர்காலத்தில் நகரத்துக்குள் 31 வந்தது. லெஸ்டருக்கு நெடுஞ்சாலையில் நேராகப் போய் வந்தபோது 43. எங்களுடைய கணக்கில் சொன்னால் லீற்றருக்கு 11 கிலோமீற்றரும் 15 கிலோமீற்றரும். இங்கிலாந்துக் கலன் 4.546 லீற்றர், இதை மனத்தில் வைத்துக்கொள்ளும். இணையத்தில் அமெரிக்கக் கலன் கணக்கைப் பார்த்துக் குழம்புகிறவர்கள் கனபேர்.

உம்முடைய ஓட்டத்துக்கு அதைப் போட்டுப் பார்ப்போம். வேலை, பள்ளிக்கூடம், கோயில், கடை எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 5,000 மைல், டீசல் லீற்றர் 1.45 பவுண் என்று வைப்போம். விற்பவர் சொல்கிற 45இல் 505 லீற்றர், 730 பவுண் வரும். நகர ஓட்டத்தில் 33 கிடைத்தால் 689 லீற்றர், ஆயிரம் பவுண். ஒரு சின்ன பெற்றோல் கார் 40 கொடுத்தால், லீற்றர் 1.38 படி, 785 பவுணுக்குள் முடியும். வருடத்துக்கு இருநூறு சொச்சம் பவுண்தான் வித்தியாசம். அதைத் தாங்கிக்கொள்ளலாம். அடுத்து வருவதுதான் தாங்க முடியாதது.

இப்போதைய டீசல் வாகனங்களின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது, டி.பி.எப். என்பார்கள். சேர்ந்த கரியை அது இடைக்கிடை எரித்துத் தன்னைத்தானே துப்பரவாக்கும். அதற்குப் புகை 600 பாகை வரை சூடாக வேண்டும், பத்துப் பதினைந்து நிமிடமாவது வேகமாக ஓட வேண்டும். மூன்று கட்டை ஓட்டத்தில் எஞ்சின் சூடாகிறதற்குள் வெயர்ஹவுஸ் வந்துவிடும். எரிக்கத் தொடங்கி இடையில் நின்றால், அதற்கென்று கூடுதலாகப் பீய்ச்சிய டீசல் ஒயிலுக்குள் இறங்கும்.

எனக்கு நடந்தது அதுதான். என் வேலை நாலு கட்டை. மூன்றாம் மாதம் செம்மஞ்சள் விளக்கு எரிந்தது, நான் கவனிக்கவில்லை. வண்டியை நிறுத்திய பிறகும் முன்னாலுள்ள காற்றாடி உரத்துச் சுற்றிக்கொண்டிருக்கும், அதையும் சாதாரணம் என்று நினைத்தேன். ஒரு சனிக்கிழமை ஒயில் கம்பியை இழுத்துத் துடைத்து மறுபடி விட்டுப் பார்த்தால், ஒயில் மேல் கோட்டுக்கு மேலே ஒரு விரல் அளவு நின்றது. ஒயில் குறையும், எப்படிக் கூடும்? விரலில் தொட்டு மணந்தேன். சுத்த டீசல் மணம். கராஜில் ஒரு தரம் கழுவினார்கள், ஒயில் மாற்றினார்கள். நாலு மாதத்தில் திரும்பவும் அடைத்தது. கடைசியில் வடிகட்டியை மாற்ற 1,450 பவுண் கொடுத்தேன். அந்த வருடம் வீட்டுக்கு அனுப்ப வைத்திருந்த காசு அது.

மாமா இங்கே மசி பேர்கசன் டிராக்டர் ஓட்டினவர். முந்தநாள் இந்தக் கதையைச் சொன்னேன். “டீசல் எஞ்சின் வேலை கேக்கும். சும்மா ஸ்ராட் பண்ணி நிப்பாட்டினா கெட்டுப்போம்” என்றார். வடிகட்டி என்ற ஒன்றை அவர் கண்டதில்லை, ஆனால் எஞ்சினை அறிந்தவர். நேற்று வாசலில் நெல் மூட்டை இறக்கிய பட்டா லொறிக்காரரும் கிளிநொச்சிக்குப் போய் வர எத்தனை லீற்றர், ரயர் தேய்மானம் எவ்வளவு என்று ரூபாக் கணக்கில் விரலை மடித்துச் சொன்னார். 2022இல் பெற்றோல் செட்டில் நாள் கணக்காக வரிசையில் நின்ற ஊர் இது. இங்கே போடுகிற அதே கணக்கை அங்கேயும் போடும் என்றுதான் கேட்கிறேன்.

டீசலே கூடாது என்று சொல்லவில்லை. என் மைத்துனர் மில்ரன் கீன்ஸில் இருந்து நாளுக்குத் தொண்ணூறு மைல் நெடுஞ்சாலையில் ஓடுகிறார். அவருடைய 2016 டீசல் 1,40,000 மைல் தாண்டிவிட்டது, வடிகட்டி ஒரு நாளும் தொல்லை கொடுக்கவில்லை. அந்த ஓட்டத்துக்கு அதே அளவு பெற்றோல் ஜீப்பை விட டீசல்தான் லாபம். நாளைக்கு உமக்கும் தூரத்தில் வேலை கிடைத்தால் அப்போது யூரோ 6 டீசல் ஒன்றைத் தேடுவோம். அதில் பெரும்பாலும் ஆட்புளூ என்ற திரவமும் ஊற்ற வேண்டி வரும். அது வேறொன்றுமில்லை, எங்களுடைய வயலுக்குப் போடுகிற அதே யூரியா, சுத்தமான தண்ணீரில் 32.5 வீதம் கரைத்தது. தீர்ந்துபோனால் நிறுத்திய வண்டி மறுபடி ஸ்ராட் ஆகாது. வயல் யூரியாவைக் கரைத்து ஊற்றிப் பார்க்க ஒருநாளும் நினைக்காதேயும், அதிலுள்ள அழுக்கு முழுத் தொகுதியையும் கெடுத்துவிடும்.

வரியையும் பாரும். 2017 ஏப்ரலுக்கு முதல் பதிந்த வாகனங்களுக்குக் கரியமில வாயு அளவை வைத்து வரி. பெரிய ஜீப்புகளில் சில வருடத்துக்கு 700 பவுணுக்கு மேல் இழுக்கும். காப்புறுதியைக் காசு கொடுக்க முதலே விசாரியும், புதிதாக வந்தவருக்குப் பெரிய எஞ்சின் என்றால் தொகை பயமுறுத்தும். இலங்கை லைசன்சில் பன்னிரண்டு மாதம்தான் ஓடலாம், அதை அங்கே மாற்றியும் தரமாட்டார்கள், எழுத்துச் சோதனையும் ஓட்டச் சோதனையும் எடுத்தே ஆக வேண்டும். உமக்கு மிச்சம் நாலு மாதம். வாகனம் தேடுகிறதை விட இது அவசரம்.

எதை வாங்கினாலும், அரசாங்கத் தளத்தில் எம்.ஓ.ரி. என்கிற வருடாந்த வாகனப் பரிசோதனையின் வரலாற்றை இலவசமாகப் பார்க்கலாம். வருடா வருடம் எத்தனை மைல் ஓடியது, எதைத் திருத்தச் சொன்னார்கள் எல்லாம் இருக்கும். ஒரே குறையை மூன்று வருடம் தொடர்ந்து எழுதியிருந்தால் வண்டிக்காரர் அதைத் திருத்தவில்லை என்று அர்த்தம். டீசல் என்றால் புகைக்குழாயின் உட்பக்கத்தில் விரலை விட்டுப் பாரும். வடிகட்டி ஒழுங்காக வேலை செய்தால் விரல் துப்பரவாக வரும். கன்னங்கரேல் என்று கரி ஒட்டினால் வடிகட்டியில் வெடிப்பு விழுந்திருக்கிறது, அல்லது கழற்றி எடுத்துவிட்டார்கள். கழற்றியிருப்பது தெரிந்தால் எம்.ஓ.ரி.யில் சித்தியடையாது.

உமக்கு இப்போது ஒரு சின்ன பெற்றோல் கார் போதும். 2006க்குப் பிந்திய பெற்றோல் கார்களில் அநேகமாக எல்லாவற்றுக்கும் யூலெஸ் கட்டணம் இல்லை. அம்மா அப்பா வந்தால் ஏழு இருக்கை வண்டியை இரண்டு நாளைக்கு வாடகைக்கு எடுக்கலாம். நான் அடுத்த கிழமை திரும்பிவிடுவேன். பார்த்து வைத்த கார்களின் இலக்கங்களை அதற்குள் அனுப்பி வையும், எம்.ஓ.ரி. வரலாற்றை இங்கிருந்தே பார்த்துச் சொல்கிறேன். நேரில் பார்க்கப் போகிற அன்று நானும் வருகிறேன். காலையிலேயே போவோம், எஞ்சினை முதலே சூடாக்கி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிடும்.