மாமாவின் கடைச் செயலியை முதலில் முடியுங்கள்

கேள்வி: 2024இல் பி.எஸ்சி. கணினி அறிவியல் முடித்தேன். இருநூறு நிறுவனங்களுக்கு மேல் விண்ணப்பித்தும் இரண்டு நேர்காணல்களுக்குத்தான் அழைப்பு வந்தது. வானிலைச் செயலி, பணிப்பட்டியல் செயலி என, நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் ஆறு செயலிகள் வைத்திருக்கிறேன். எதுவும் முழுமையாக இல்லை. அவற்றில் ஒன்றான, மாமாவின் மளிகைக் கடைக்காகத் தொடங்கிய கடன் கணக்குச் செயலியும் லாகின் பகுதியோடு நின்றுவிட்டது. இவற்றை விட்டுவிட்டு வேலை தேடுவதில் மட்டும் கவனம் செலுத்தலாமா?
– வாசகர், விருதுநகர்

பதில்: ஆறில் ஐந்தைத் தயங்காமல் விட்டுவிடுங்கள். வானிலைச் செயலியும் பணிப்பட்டியலும் பயிற்சி வகுப்புக்குப் போன எல்லோரிடமும் இருப்பதால், விண்ணப்பங்களைச் சலிப்பவர் அவற்றைத் திறந்து பார்ப்பதே அரிது. கடன் கணக்குச் செயலியை மட்டும் கைவிட வேண்டாம். நீங்கள் எழுதிய நிரலை ஒருவர் தம் பிழைப்புக்கு நாள்தோறும் நம்பியிருக்கிறார் என்ற சான்று உங்கள் விண்ணப்பத்தில் இன்று இல்லை. அதை இந்தச் செயலிதான் தர முடியும்.

ஒரே கடைக்கு, ஒரே கைப்பேசியில் ஓடும் செயலிக்கு லாகின் எதற்கு? கைப்பேசியின் பூட்டே இப்போதைக்குப் போதும். பெயர், தேதி, தொகை, மீதி ஆகிய நான்கும் பிழையில்லாமல் நின்றால் மாமாவிடம் கொடுத்துவிடுங்கள். ப்ளே ஸ்டோருக்கும் அவசரமில்லை. அங்கே கணக்குத் திறக்க 25 டாலர் கட்ட வேண்டும். புதிய தனிநபர் கணக்கென்றால், வெளியிடும் முன் 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதிக்கவும் வேண்டும். நேரடியாக மாமாவின் கைப்பேசியில் நிறுவினாலே அது வெளியீடுதான்.

கடையில் ஓடத் தொடங்கிய பிறகே உண்மையான சிக்கல்கள் தலைகாட்டும். எடுத்துக்காட்டாக, வாடிக்கையாளர் பெயர்களை, கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் உரிய யூனிகோடு எண்களின்படி அப்படியே வரிசைப்படுத்தினால் கமலாவுக்கு முன்னால் கனகா வந்து நிற்பார். ஏனெனில் யூனிகோட்டில் னகரம் மகரத்துக்கு முந்தியது, நம் அகரவரிசையிலோ அதுவே கடைசி மெய். பைத்தான் நிரல்மொழியில் 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் மூன்று என்று வராது, இகரக் குறியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுவதால் ஐந்து என்று வரும். மாமா ஒரு பெயரைத் தேடித் திணறுவதைப் பார்த்து, காரணத்தைக் கண்டுபிடித்து, திருத்தினேன் என்று நேர்காணலில் விவரித்துப் பாருங்கள். அடுத்தடுத்த கேள்விகள் அதிலிருந்தே பிறக்கும். அவற்றுக்கு மனப்பாடம் செய்த விடை தேவைப்படாது.

அந்த நிரலை கிட்ஹப்பில் பொதுவில் வைக்கும்போது வாடிக்கையாளர்களின் கடன் விவரம் ஒரு வரிகூட அதில் இருக்கக் கூடாது. யார் எவ்வளவு பாக்கி என்பது ஊருக்குள் மானப் பிரச்சினை. கற்பனைப் பெயர்களையே இடுங்கள். என்ன சிக்கல், எப்படித் தீர்த்தீர்கள், எப்படி இயக்கிப் பார்ப்பது என்பவற்றை நிரலோடு வைக்கும் அறிமுகக் குறிப்பான ரீட்மீ கோப்பில் பத்து வரிகளில் எழுதினால் போதும்.

விண்ணப்பிப்பதை இதற்காக நிறுத்த வேண்டாம். குடும்பச் செலவுக்குச் சம்பளம்தான் முதலில் தேவை. காலை நேரத்தை அதற்கு ஒதுக்கி, ஒரே ரெஸ்யூமை எல்லோருக்கும் அனுப்பும் வழக்கத்தை விட்டு, வாரத்துக்குச் சில நிறுவனங்களை மட்டும் தேர்ந்து, அவற்றின் பணிக்கேற்ப மாற்றி எழுதி அனுப்புங்கள். உங்கள் கல்லூரி சீனியர்கள் அங்கே இருந்தால் கூச்சப்படாமல் பரிந்துரை கேளுங்கள். வேலை வாங்கித் தருவதாக முன்பணம் கேட்பவரிடமிருந்து விலகிவிடுங்கள்; அசல் சான்றிதழ்களையும் எவரிடமும் ஒப்படைக்காதீர்கள்.

வேலை கிடைத்ததும், கையெழுத்திடும் முன் ஒப்பந்தத்தை முழுவதும் படியுங்கள். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, மாறான உடன்பாடு இல்லாவிட்டால், ஊழியர் தம் பணியின் பகுதியாக எழுதும் நிரலுக்கு நிறுவனமே முதல் உரிமையாளர். ஊழியர் சொந்த நேரத்தில் எழுதுவதும் நிறுவனத்துக்கே உரியதென்று சொல்லும் ஒப்பந்தங்களும் உண்டு. ஆகவே, இந்தச் செயலி நீங்கள் சேரும் முன்பே உருவானது என்பதைக் குறிப்பிட்டு, விலக்கு அளிப்பதாக நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.