பரிசளிப்பு விழாவோடு நின்றுவிடும் யோசனைகள்

கேள்வி: எங்கள் பொறியியல் கல்லூரியில் ஆண்டுதோறும் தொழில்முனைவுப் போட்டி நடத்துகிறோம். சமூகத்துக்குப் பயன்படும் நல்ல யோசனைகள் வருகின்றன. ஆனால் எல்லாம் பரிசளிப்பு விழாவோடு நின்றுவிடுகின்றன. மாணவர்களைச் சமூகத் தொழில்முனைவில் ஈடுபடுத்தப் பல்கலைக்கழகங்கள் என்ன செய்யலாம்?
– உதவிப் பேராசிரியர் ஒருவர், ஈரோடு

பதில்: போட்டியிலிருந்து தொடங்குவதுதான் சிக்கல் என்று கருதுகிறேன். வகுப்பறையில் எழுதப்படும் திட்டத்தில் தீர்வை மட்டுமல்ல, பிரச்சினையையும் மாணவரே கற்பனை செய்துகொள்கிறார். 2007-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வகுப்பொன்றில், குறைமாதக் குழந்தைகளின் உடல்வெப்பத்தைக் காக்கும் இன்குபேட்டர் கருவியை மிகக் குறைந்த விலையில் உருவாக்கும் பணி ஒரு மாணவர் குழுவுக்குத் தரப்பட்டது. நேபாளத்துக்குப் போய்ப் பார்த்தபோது, நகர மருத்துவமனையில் இன்குபேட்டர்கள் பயன்படாமல் கிடந்தன. குறைமாதக் குழந்தைகளோ அந்த மருத்துவமனையை எட்டவே முடியாத தொலைவிலுள்ள கிராமத்து வீடுகளில் பிறந்துகொண்டிருந்தன. ஆகவே, இன்குபேட்டரை விட்டுவிட்டு, மெழுகு போன்ற பொருள் அடைத்த சிறு பையைச் சூடாக்கி உள்ளே வைத்தால் சில மணி நேரம் 37 டிகிரி செல்சியஸ் வெப்பத்தைக் காக்கும் ‘எம்பிரேஸ்’ என்னும் குழந்தை உறையைச் செய்தார்கள். படிப்பு முடிந்தபின் பெங்களூரில் அதை நிறுவனமாகவும் நடத்தினார்கள். நம் கல்லூரிகளிலோ களப்பணி என்றால் பெரும்பாலும் விடுமுறை நாள் சேவைதான். மதிப்பெண்ணுக்கும் அதற்கும் தொடர்பு இருப்பதில்லை.

அடுத்தது, மாணவர் பட்டம் பெற்றுப் போனபின் திட்டத்தை யார் தொடர்வது என்பது. சென்னை ஐஐடியில் கழிவுநீர்த் தொட்டிக்குள் மனிதர் இறங்குவதைத் தவிர்க்கும் ‘ஹோமோசெப்’ இயந்திரம், ஒரு மாணவரின் முதுநிலை இறுதியாண்டுத் திட்டமாகவே தொடங்கியது. பேராசிரியர் பிரபு ராஜகோபால் அதை விடாமல் தொடர்ந்தார். ஐஐடியில் வளர்ந்த சோலினாஸ் நிறுவனம் உடன் நின்றது. தூய்மைப் பணியாளர்களுக்காகப் போராடும் சஃபாய் கரம்சாரி ஆந்தோலன் அமைப்பு களத்தில் துணைநின்றது. முதல் இரண்டு இயந்திரங்கள், இப்பணியில் கணவரை இழந்த பெண்கள் தலைமையேற்ற சுயஉதவிக் குழுக்களுக்கே வழங்கப்பட்டன.

வாங்கும் வசதியுள்ளவர் ஒருவர், பயன்படுத்துபவர் வேறொருவர் என்னும் நிலை இத்துறையில் சாதாரணம் என்பதால், வணிகவியல் மாணவர்களையும் முதல் நாளிலிருந்தே குழுவில் சேருங்கள். உங்கள் மாவட்டத்திலேயே சென்னிமலை நெசவாளர்களும் சாயக்கழிவு நீரும் இருக்கும்போது தலைப்புக்குப் பஞ்சமில்லை. பரிசுத் தொகையை மேடையில் கொடுப்பதற்குப் பதிலாக, பட்டம் பெற்றபின் ஓராண்டு அதே வேலையைத் தொடர விரும்பும் மாணவருக்கு மாத உதவித்தொகையாகக் கொடுத்துப் பாருங்கள்.